முதல் கைத் தண்ணீர்

நெடுங்காடு,
சின்னவாய்க்கால் தெரு,
12-5-1953

என் கூடப் பிறந்த தம்பியும், என் மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தியும், மேலக்கரை ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் மகாராஜாவுமான உத்திராபதிக்கு, அக்காள் அஞ்சுகம் எழுதுவது.

முதலில் உன் மகள் ராசாத்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவள் பெயர் எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டு மற்றதையெல்லாம் தாண்டிப் போய்விடுவாய். ஐந்தாம் மாதம் நடக்கிறது. வாந்தி நின்றுவிட்டது. மாங்காய் தின்கிறாள், அடுப்புச் சாம்பல் தின்கிறாள், மீதி நேரத்தில் என் மகன் முத்தையனின் உயிரைத் தின்கிறாள். மாமியாரும் நான், அத்தையும் நான் என்பதால் அவளுக்கு என்னிடம் துளிகூடப் பயம் இல்லை. நல்ல பெண்ணாகத்தான் வளர்த்திருக்கிறாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்குச் சீர் அனுப்பியிருக்கிறாய் போலிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. மஞ்சள் நிறம். மேலே நுரை. நாற்றமோ நாலு தெருவுக்கு. உங்கள் மில் தொட்டியில் நெல் ஊறிய தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது.

கார்த்திகைப் புயலில் தெருக் கிணறு இடிந்து தூர்ந்து போனது உனக்குத் தெரியும். அன்று முதல் இந்தத் தெருவின் முப்பது வீட்டுக்கும் வாய்க்கால்தான் கதி. அது காய்ந்ததிலிருந்து ஊற்றுத் தோண்டித்தான் குடிக்கிறோம். முழங்கை ஆழம் மணலைப் பறித்தால் போதும், பளிங்கு மாதிரி ஊறும். இப்போது ஊற்றிலும் புளித்த கஞ்சி வாடை. ராசாத்தி ஒரு வாய் குடித்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, இது எங்க அப்பா சட்டை வாடை" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

ஆறு வயதில் ஊர்க்குளத்தில் ஒன்றுக்குப் போய், அப்பாவிடம் புளிய விளாறால் அடி வாங்கினவன் நீ. இன்னும் நாலு அடி சேர்த்து வைத்திருக்கலாம் என்று உன் அத்தான் சொல்கிறார். அவர் மாதத்தில் ஒரு தடவைதான் வாய் திறப்பார். இந்த மாதத்துக்கு இதுதான்.

விளையாட்டு இருக்கட்டும் தம்பி. வயிற்றுப் பிள்ளைக்காரி குடிக்கிற தண்ணீர். ஏதாவது செய்.

அக்காள் அஞ்சுகம்


மேலக்கரை,
27-5-1953

அக்காவுக்கு உத்திராபதி.

உன் கடிதம் பதின்மூன்று நாள் கழித்து நேற்று முன்தினம் வந்தது. நடந்து வந்தால் ஐந்து மைல். உங்கள் பிரெஞ்சுப் பக்கத்துக்கும் எங்கள் இந்தியப் பக்கத்துக்கும் நடுவே எல்லைச் சாவடியில் பிரித்துப் படித்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். நான் குளத்தில் ஒன்றுக்குப் போனது இப்போது இந்திய சர்க்காருக்கும் பிரெஞ்சு சர்க்காருக்கும் தெரிந்துபோயிற்று. தயவுசெய்து இனி அதையெல்லாம் எழுதாதே.

தண்ணீர் விஷயம் உண்மை. எட்டுத் தொட்டி இருக்கிறது. நெல் மூன்று நாள் ஊறும். ஊறின தண்ணீர் புளித்துவிடும். அடைப்பை எடுத்தால் பின்பக்க ஓடை வழியாக வாய்க்காலுக்குப் போகும். வாய்க்கால் எல்லையைத் தாண்டி உங்கள் பக்கம் வருகிறது. மற்ற மாதங்களில் ஓடுகிற தண்ணீரோடு போய்விடும், யாருக்கும் தெரியாது. கோடையில்தான் இப்படி.

முதலாளியிடம் சொன்னேன். "தண்ணி கீழதானடா ஓடும், மேலயா ஓடும்? கீழ இருக்கிறவன் நம்ம சர்க்கார்கூட இல்ல. போய் வேலையப் பாரு" என்றார். அவரிடம் அதற்கு மேல் பேச எனக்கு வராது. உனக்குத் தெரியும்.

என்னால் ஆனது ஒன்று. அடைப்பு எடுப்பது என் கையில் இருக்கிறது. இனி திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் மட்டும் எடுக்கிறேன். அந்த நாட்களில் ஊற்று இறைக்க வேண்டாம்.

ராசாத்தியைத் தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்துவர வேண்டும். அவள் அம்மா செல்லம்மா தினமும் கேட்கிறாள். எல்லை தாண்டுகிற பாஸுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். நானே வரப்பு வழியாக வந்துவிடலாம்தான். ஆனால் போன மாதம் எங்கள் மில் கருப்பையன் அப்படித்தான் வந்தான். கடத்தல் துணிக்காரன் என்று பிடித்து நாலு நாள் உள்ளே வைத்தார்கள். அவன் மேலே ஒரு துண்டுதான் இருந்தது.

தம்பி உத்திராபதி


நெடுங்காடு,
11-6-1953

கிழமை பார்த்து அடைப்பெடுக்கும் ஜோசியருக்கு அக்காள் எழுதுவது.

நீ நாள் குறித்தாய். தண்ணீரும் நாள் தவறாமல்தான் வருகிறது. ஆனால் மணல் கிழமை பார்க்கவில்லையே தம்பி. திங்கள் இறங்கியது புதன்வரை ஊற்றில் இருக்கிறது. வியாழன் இறங்கியது ஞாயிறுவரை இருக்கிறது. நடுவில் எங்கே குடிப்பது? முத்தையன் காவடி கட்டிக்கொண்டு இரண்டு மைல் போய்க் கோயில் கிணற்றிலிருந்து இரண்டு குடம் கொண்டுவருகிறான். உவர்ப்பு. பருப்பு வேகாது. அதை ராசாத்திக்கு மட்டும் வைத்திருக்கிறோம். அவளோ, "கடல்லேருந்து மொண்டுக்கிட்டு வந்தீங்களா?" என்று புருஷனைக் கேட்கிறாள். வாய் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறது என்று கேட்காதே.

நானும் சும்மா இருக்கவில்லை. ஊற்றுத் தண்ணீரை ஒரு புட்டியில் பிடித்துக்கொண்டு காரைக்கால் போய், ஒரு பெரிய ஆபீஸ் மாடியில் ஏறினேன். துரை இல்லை. கால்சட்டை போட்ட ஒரு குமாஸ்தா இருந்தார். நம் ஆள்தான்.

"தண்ணி எங்கேருந்தும்மா வருது?"

"மேக்கேருந்துங்க."

"மேக்கே யாரு?"

"என் தம்பிங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனுஷர். நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி விளக்கினார். இங்கேயிருந்து புதுச்சேரிக்கு எழுத வேண்டுமாம். புதுச்சேரி பாரீசுக்கு எழுதுமாம். பாரீசு டில்லிக்கு, டில்லி சென்னைக்கு, சென்னை தஞ்சாவூருக்கு. "ஏங்க, எங்க வாய்க்காலே அவ்வளவு தூரம் ஓடலீங்களே" என்றேன். புட்டியைத் திறந்து முகர்ந்தார். மூடி, ஜன்னலுக்கு வெளியே வைத்தார். மனுவைப் பிரெஞ்சில் எழுதி வரச் சொன்னார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் இருந்து நான் கற்ற பிரெஞ்சு 'போன்ழூர்' என்கிற வணக்கம் ஒன்றுதான். அதைச் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

பாஸ் என்ன ஆயிற்று? இந்தப் பக்கம் ராசாத்தியின் போட்டோ கேட்கிறார்கள். அவள் போட்டோ எடுத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று உன் பெண்டாட்டி சொல்லி அனுப்பியிருக்கிறாளாமே. அவளிடம் சொல், பிள்ளைக்கு எது ஆகாது என்று நான் ஒரு பெரிய பட்டியலே வைத்திருக்கிறேன், போட்டோ அதில் கடைசி.

அக்காள்


மேலக்கரை,
24-6-1953

அக்காவுக்கு.

நல்ல செய்தி எழுதுகிறேன். போன வாரம் மில் ஓடைக்குக் குறுக்கே மண் அணை போட்டுவிட்டேன். நானும் கருப்பையனும் சேர்ந்து அரை நாளில் போட்டோம். தொட்டித் தண்ணீரெல்லாம் இப்போது மில்லுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் நிற்கிறது. ஒரு சொட்டுகூட உங்கள் பக்கம் வராது. முதலாளி முதலில் கத்தினார். "புதுத்தண்ணி வர்ற வரைக்கும்தாங்க, அப்புறம் நானே வெட்டிவிட்டுடுறேன்" என்றேன். அவரிடம் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை. கால் நடுங்கியது.

மேட்டூர் திறந்துவிட்டார்களாம். புதுத்தண்ணீர் வந்து, வாய்க்கால் இரு கரையும் நிறைந்து மூன்று நாள் ஓடட்டும். அதற்குப் பிறகு அணையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிவிட்டால், வெள்ளத்தோடு வெள்ளமாகக் கடலுக்குப் போய்விடும். உங்களுக்கு வாடைகூடத் தெரியாது.

பாஸ் ஆபீசில், ராசாத்தி என் மகள்தான் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். என்ன அத்தாட்சி கொடுப்பது என்று தெரியாமல் வந்துவிட்டேன். மறுபடியும் போக வேண்டும்.

உத்திராபதி


நெடுங்காடு,
5-7-1953

முதலாளியை எதிர்த்துப் பேசிய வீரத் தம்பிக்கு அக்காள் எழுதுவது.

கால் நடுங்கியது என்று ஏன் எழுதினாய்? தெருவில் எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன், அந்த இடத்தை மட்டும் முழுங்க வேண்டியதாயிற்று. உன் புகழை நான் காப்பாற்றினேன் என்று நினைவு வைத்துக்கொள்.

ஊற்று தெளிந்துவிட்டதடா! நாலைந்து நாள் இறைத்து இறைத்து ஊற்றினோம். இப்போது அடியில் கிடக்கிற கிளிஞ்சல் தெரிகிறது. ராசாத்தி செம்பு செம்பாகக் குடிக்கிறாள். குடித்துவிட்டு வயிற்றைத் தட்டி, "தாத்தா குடுத்த தண்ணி, ஒழுங்கா குடிச்சுக்க" என்று உள்ளே இருப்பதற்குச் சொல்கிறாள். ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. நன்றாக உதைக்கிறதாம்.

புதுத்தண்ணீர் கும்பகோணம் தாண்டிவிட்டதாகச் சொல்கிறார்கள். நீ இந்தத் தெருவில் பிறந்தவன், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரின் தலை மதகில் தெரிந்ததும் குலவை போட்டு, வெல்லம் கலந்த காப்பரிசி தூவி, முதல் கைத் தண்ணீரைத் தெருவில் எந்தப் பெண் முழுகாமல் இருக்கிறாளோ அவள் வாயில்தானே ஊட்டுவோம். போன மூன்று வருஷமாக யாருமே அகப்படாமல் கிழவிகளே குடித்தோம். இந்த வருஷம் உன் மகள். புதுப் புடவை எடுத்து வைத்திருக்கிறாள். தினமும் இரண்டு தடவை மதகுவரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறாள். என்னவோ கல்யாண மாப்பிள்ளை வருகிற மாதிரி.

நீயும் செல்லம்மாவும் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. என்ன செய்வது, நடுவில் இரண்டு ராஜாங்கம் படுத்துக்கிடக்கிறது.

அக்காள்


மேலக்கரை,
12-7-1953, ஞாயிறு மத்தியானம்

அக்கா, இதை யார் கையில் வாங்கினாலும் உடனே சின்னவாய்க்கால் தெருவுக்குப் போய்ப் படித்துக் காட்டவும்.

முதல் தண்ணீரைக் குடிக்காதீர்கள். ராசாத்தியைத் தொடவே விடாதே. மூன்று நாள், ஐந்து நாள் போகட்டும்.

இன்று காலை தண்ணீர் எங்கள் மதகுக்கு வந்தது. வந்த கால் மணிக்குள் முதலாளி பள்ளத்தங்கரைக்கே வந்துவிட்டார். நாற்றத்தால் நெல்லுக்காரர்கள் மில் பக்கம் வருவதில்லை, இப்போதே வெட்டு என்றார். மூன்று நாள் கேட்டேன். "நீ வெட்டுறியா, கருப்பையன் வெட்டட்டுமா?" என்றார். கருப்பையன் வெட்டினால் ஒரேயடியாக வெட்டிவிடுவான், நான் வெட்டினால் ஒரு சாண் மட்டும் திறக்கலாம் என்று நினைத்து மண்வெட்டியை நான் வாங்கினேன். ஒரு சாண்தான் திறந்தேன் அக்கா. அது நிற்கவில்லை. அணை மொத்தமும் என் காலடியில் கரைந்து போய்விட்டது. நாலு வாரத் தண்ணீர். மில் ஆட்கள் ஐம்பது பேரும் வெளிக்கு ஒதுங்குவது அந்தப் பள்ளத்தங்கரையில்தான். அதுவும் சேர்ந்து போகிறது. கறுப்பாகப் போகிறது. புதுத்தண்ணீருக்கு முன்னால் அதுதான் போகிறது.

சாவடிக்கு ஓடினேன். என்னைத் தாண்ட விடவில்லை. கடிதத்தையாவது அந்தப் பக்கம் கொடுத்துவிடுங்கள் என்றேன். "தபால்ல போடு, சட்டம் அதான்" என்றார்கள். தந்தி ஆபீஸ் ஞாயிற்றுக்கிழமை பூட்டு.

தண்ணீர் நாளைக் காலையில் உங்கள் மதகுக்கு வரும். இந்தக் கடிதம் அதை முந்தாது. தெரிந்துதான் எழுதுகிறேன். எழுதாமல் என்ன செய்வது என்று தெரியவில்லை.

உத்திராபதி


நெடுங்காடு,
26-7-1953

தம்பிக்கு.

உன் கடிதம் 23-ஆம் தேதி வந்தது. பதினாலாம் தேதி இங்கே பிரெஞ்சுக்காரன் பண்டிகை, இரண்டு நாள் தபால் பட்டுவாடா இல்லை என்றார்கள். இல்லாவிட்டாலும் ஒன்றும் மாறியிருக்காது.

நடந்ததை எழுதிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம்.

13-ஆம் தேதி காலை வெயில் ஏறும் நேரத்துக்குத் தண்ணீர் வந்தது. நுரையும் சருகுமாக வந்தது. புதுத்தண்ணீர் என்றைக்கும் அப்படித்தான் வரும். கலங்கல் கொஞ்சம் கூடுதல். வாடை இருந்தது. காய்ந்த வாய்க்காலின் குப்பை வாடை என்று நினைத்தோம். குலவை போட்டோம். நான்தான் இறங்கிக் கையில் அள்ளினேன்.

ராசாத்தி குனிந்தவள் நிமிர்ந்துவிட்டாள். "அத்தை, அப்பா சட்டை வாடை வருது" என்றாள்.

"புதுத்தண்ணிக்கு வாடை பாக்கக் கூடாதுடி, குடி" என்று நானே அவள் தாடையைப் பிடித்து ஊட்டினேன். தெருவே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டுதான் குடித்தாள். அப்புறம் எல்லாரும் குடித்தோம். குடத்தில் பிடித்து வீட்டுக்கும் கொண்டுபோனோம்.

மறுநாள் தெருவில் பதினேழு பேருக்கு வாந்தி பேதி. எனக்கும்தான். எனக்கு நின்றுவிட்டது. ராசாத்திக்கு நிற்கவில்லை. மாட்டு வண்டியில் போட்டுக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஊசி வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். 17-ஆம் தேதி பிள்ளை வெளியே வந்துவிட்டது. ஆண் பிள்ளை. அழவில்லை. முத்தையன் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றான்.

தெருவில் இரண்டு பேர் போய்விட்டார்கள். சாரதாம்பாளும், தர்மலிங்கத்தின் கடைசிப் பெண்ணும். அந்தப் பெண்ணுக்கு நாலு வயது.

நீ வெட்டினாய். நான் ஊட்டினேன். உன்னைத் திட்டலாம் என்று மூன்று நாளாகத் தாளை எடுத்து வைக்கிறேன். திட்டு வரமாட்டேன் என்கிறது.

அஞ்சுகம்


மேலக்கரை,
9-8-1953

அக்கா,

கடிதம் வந்த அன்றே வரப்பு வழியாகப் புறப்பட்டேன். எல்லைக் கல்லைத் தாண்டுவதற்குள் பிடித்துவிட்டார்கள். மகளுக்கு இப்படி ஆகிவிட்டது என்று உன் கடிதத்தைக் காட்டினேன். படித்தார்கள். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு நாள் வைத்திருந்து திருப்பி அனுப்பினார்கள்.

செல்லம்மா என்னோடு பேசுவதில்லை. சோறு வைக்கிறாள். அதோடு சரி.

நான் மில் வேலையை விட்டுவிட்டேன். அந்தத் தொட்டிப் பக்கம் போனாலே எனக்குக் கை நடுங்குகிறது. முதலாளி திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் பார்த்திருக்கிறார், ஆவணி கடைசியில் வருகிறான். அதுவரை கருப்பையன் பார்க்கிறான். மறுபடியும் ஓடை திறந்துதான் கிடக்கிறது. இப்போது வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதால் பரவாயில்லை என்கிறார்கள்.

ராசாத்தி என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? சொல்லியிருந்தால் எழுத வேண்டாம்.

உத்திராபதி


நெடுங்காடு,
23-8-1953

தம்பி உத்திராபதிக்கு அக்காள் எழுதுவது.

மூளை இருக்கிறதா உனக்கு? இருந்ததையும் தொட்டியில் போட்டு அவித்துவிட்டாயா? வேலையை விட்டுவிட்டானாம்!

வேலையை விட்டால் உன் கை சுத்தமாகும். எங்கள் தண்ணீர் ஆகாது. கிணற்றை எடுத்துக் கட்டுவதாக வந்து அளந்துகொண்டு போனார்கள். அடுத்த வருஷம் என்கிறார்கள். சுகாதாரத்துக்காரர் ஒருவர் வந்து எல்லாருக்கும் ஊசி குத்தினார். கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்றார். நோட்டில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "வெயில் காலத்துப் பேதி" என்றார். மில் என்று எழுதுங்கள் என்றேன். "அது என் நோட்டுக்குள்ள வராதும்மா" என்றார். அவர் நோட்டு எல்லைக் கல்லோடு முடிந்துவிடுகிறது. ஆகப் புது நெல் வரும், தை வரும், வாய்க்கால் வற்றும், நாங்கள் மறுபடியும் மணலைத் தோண்டுவோம். அப்போது அடைப்புப் பக்கத்தில் யார் நிற்பது?

திருச்சிக்காரனுக்கு இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்? அக்காளா, மகளா? கீழே ஒரு தெரு இருக்கிறது என்றாவது அவனுக்குத் தெரியுமா? உனக்குத் தெரியும். அதனால் நீ நாளைக்கே போய் முதலாளி காலில் விழு. அவரிடம் பேச வராது என்றால் பேசாமல் விழு. கை நடுங்கினால் நடுங்கட்டும், நடுங்குகிற கைதான் எங்களுக்கு வேண்டும். உன்னை அங்கே போய் நில் என்று நானே சொல்ல வேண்டியிருக்கிறது பார். இதைவிட வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. உன் அத்தானைக் கேட்டேன். அவருக்கும் தோன்றவில்லை.

ராசாத்தி உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீ இப்படிப் பிடிபட்டு உள்ளே இருந்தாய் என்று படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முத்தையன் வேலைக்குப் போகிறான், வருகிறான்.

இன்றைக்கு எழுந்து உட்கார்ந்தாள். தாகமாக இருக்கிறது என்றாள். வாய்க்கால் தண்ணீரை மூன்று கொதி கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டி, ஆற்றி எடுத்துக்கொண்டு போனேன். செம்பைக் கையில் வாங்கினாள். முகர்ந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க மொதல்ல குடிங்க அத்தை" என்றாள்.

அவள் பார்க்கப் பாதிச் செம்பு குடித்தேன். மீதியை அவள் உடனே குடிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு ஏதாவது ஆகிறதா என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் குடித்தாள்.

அக்காள் அஞ்சுகம்